நனைத்துத் தேயுங்கள், தம்பிகளே

பழையசீவரம், திருமுக்கூடல், வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரத்தில் பெயின்ட், பாலிஷ் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு,



கார்த்திகை தீபம் முடிந்துவிட்டது. இனி மாட்டுப் பொங்கல் வரைக்கும் உங்கள் கையில் பிரஷ் இல்லாத நாள் இருக்காது. தை இரண்டாம் நாள் காஞ்சி வரதர் நம் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, பிறகு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்குப் போகிறார். அன்றைக்கு ஊரில் வீட்டுக்கு வீடு சொந்தபந்தம் வந்து இறங்கும். அதற்குள் வாசக்கால் பளிச்சென்று இருக்க வேண்டும், மாடிப்படிக் கைப்பிடி மின்ன வேண்டும் என்று எல்லா வீட்டுக்காரரும் அந்த ஒரே தேதியைத்தான் சொல்வார்கள். 38 வருஷம் நானும் அந்தத் தேதிக்குப் பின்னால் ஓடியவன். தோள்பட்டை மக்கர் பண்ண ஆரம்பித்ததும் வேலையை விட்டேன். விட்ட பிறகும், ஒரு வீட்டிலிருந்து பெயின்ட் வாடை வந்தால் உள்ளே எட்டிப் பார்க்காமல் போக முடிவதில்லை.

அப்படிப் போன மாதம் எட்டிப் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல்.

பழைய ஓட்டு வீடு. கூடத்து ஓரத்தில் மச்சுக்கு ஏறும் மரப்படி, மொத்தம் 11 படி. மேலே பச்சை எனாமல், அதற்குக் கீழே இன்னொரு பச்சை, அதற்கும் கீழே மஞ்சள், மரத்தை ஒட்டி ஒரு செங்காவி நிறம். சுரண்டிய விளிம்பில் நாலும் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தன. இரண்டு பையன்கள் கிரைண்டரில் உப்புத்தாள் பிளேட்டை மாட்டி அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுக்கு நடுவே இருந்த கண்ணாடி வழியாக வெயில் இறங்கியது. அந்த வெளிச்சத்தில் பச்சைத் தூசு மிதந்துகொண்டிருந்தது. மூன்றாவது படியில் ஒன்றரை வயதுக் குழந்தை உட்கார்ந்திருந்தது. அது கையை ஊன்றி ஊன்றி ஏறி வந்த தடம் கீழ்ப் படிகளில் அப்படியே பதிந்திருந்தது, ஐந்து விரலும் உள்ளங்கையும். ஊன்றிய கையைத்தான் அது வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

குழந்தையைத் தூக்கி அதன் அம்மாவிடம் கொடுத்தேன். கையை அலம்பச் சொன்னேன். “மூஞ்சிக்குத் துணி கட்டியிருக்கோம்ணா, ஒண்ணும் ஆவாது” என்றான் ஒரு தம்பி. அவன்மேல் கோபமே வரவில்லை. அவன் வயதில் நான் அந்தத் துணிகூடக் கட்டியதில்லை.

தம்பிகளே, அந்தப் பச்சைக்குள் இருக்கக்கூடியது காரீயம்.

ஈயம் என்று சொன்னதும், ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே என்று வீட்டில் கேட்பார்கள். அது வெள்ளீயம், வேறு உலோகம். பெயின்டில் போட்டது காரீயம், பேட்டரிக்குள் இருக்கிற அதே சரக்கு. மஞ்சள் நிறம் தரும் குரோம் மஞ்சள் என்பதே காரீயமும் குரோமியமும் சேர்ந்த பொடிதான். அதில் நீலத்தைக் கலந்தால் நம் கதவுகளுக்கெல்லாம் அடித்த அந்தப் பச்சை. மரத்தை ஒட்டி அடித்த செங்காவி நிற அடிப்பூச்சிலும் பல சமயம் காரீயச் செந்தூரம் உண்டு. இவை போதாதென்று, எனாமல் சீக்கிரம் காய்வதற்காக ஊற்றிய திரவத்திலும் அது இருந்தது. மழையில் வெளுக்காது, வெயிலில் மங்காது, ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும் என்று நாம் எந்தப் பெயின்டை மெச்சினோமோ, அந்த மெச்சுதலுக்குப் பின்னால் இருந்தது இந்த உலோகம்.

நம் நாட்டில் பெட்ரோலிலிருந்து காரீயத்தை 2000-ஆம் ஆண்டில் எடுத்தார்கள். வீட்டுப் பெயின்டுக்குச் சட்டம் வர அதற்கு மேல் 17 வருஷம் ஆனது. 2016-இல் மத்திய அரசு விதி போட்டு, 2017 நவம்பர் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்பது அந்த விதி. டப்பாவில் 90 பிபிஎம் என்று போட்டிருப்பது இதைத்தான். ஆக, 2017-இலும் அதற்கு முன்னாலும் எனாமல் அடித்த எந்தக் கதவையும், எந்த ஜன்னலையும், எந்த மாடிப்படியையும் காரீயம் உள்ளது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எந்த மேஸ்திரியாலும் முடியாது, என்னாலும் முடியாது.

உடம்புக்குள் போனால் அது சுண்ணாம்புச் சத்து மாதிரி வேஷம் போட்டு எலும்பில் போய் உட்காரும். வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பெண்கள் கருவுற்றிருக்கும்போது எலும்பிலிருந்து கிளம்பி வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பெரியவர்கள் உடம்பு பிடித்துக்கொள்வதைப் போல நாலைந்து மடங்கு குழந்தை உடம்பு பிடித்துக்கொள்கிறது. சரியான சாப்பாடு இல்லாமல் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தையாக இருந்தால் இன்னும் அதிகம். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், படிப்பில் தெரியும், குணத்தில் தெரியும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் என்று ஓர் ஊர். நம் ஊர் மாதிரியே வெயில் கொளுத்துகிற இடம், மர வீடுகள், வீட்டைச் சுற்றி மர வராந்தா. அங்கே குழந்தைகளுக்குப் பார்வை நரம்பு கெடுவதும் கைகால் விழுவதுமாக இருந்தது, காரணம் புரியவில்லை. லாக்ஹார்ட் கிப்ஸன் என்ற கண் மருத்துவர் 1904-இல் எழுதினார்: வராந்தாக் கைப்பிடியில் அடித்த பெயின்ட் வெயிலில் பொடிந்து மாவாகிறது, குழந்தைகள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அந்த விரலை வாயில் வைக்கிறார்கள். அவர் சொன்னதைப் பல பேர் ஒப்புக்கொள்ளவில்லை. 1922-இல்தான் பிரிஸ்பேன் இருக்கும் மாநிலத்தில், குழந்தைக்கு எட்டுகிற இடத்தில் காரீயப் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. எனக்கு இதைப் படித்தபோது மனதில் நின்றது அந்தக் கைப்பிடிதான். நடக்கப் பழகுகிற பிள்ளை முதலில் பிடிப்பது எதை? மாடிப்படிக் கைப்பிடியை, ஜன்னல் கட்டையை, கதவு விளிம்பை. நாம் அதிகம் தேய்த்து மினுக்குவதும் அவற்றைத்தான்.

உங்கள் உடம்பையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரிக்கு ஐம்பது வயதில் வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது. பிரஷைப் பிடிப்பார், தூக்க வராது. அடிக்கடி வயிறு முறுக்கி எடுக்கும், மலச்சிக்கல், ரத்தமில்லாத வெளுத்த முகம். சூடு என்றோம், பித்தம் என்றோம், மோர் குடிக்கச் சொன்னோம். அது காரீயம்தான் என்று அன்றைக்கு யாரும் ரத்தம் பார்த்துச் சொல்லவில்லை, அதனால் நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மணிக்கட்டு விழுவதும் அந்த வயிற்றுவலியும் பெயின்டர்களுக்கு வருகிற காரீய நோய் என்று வெளிநாட்டு மருத்துவர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பின்னால் படித்தபோது, அவர் திண்ணையில் உட்கார்ந்து இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வது கண்ணில் வந்து நின்றது.

இனி வேலைக்கு வருகிறேன்.

பழைய பெயின்ட் கெட்டியாகப் பிடித்திருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம். வீட்டுக்காரர் “எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசா அடிப்பா” என்றுதான் சொல்வார். மறுத்துச் சொல்லுங்கள். உரியாத பெயின்ட் மரத்துக்கு ஒரு தோல். சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, ஈரத்தோடு லேசாக ஒரு தேய்ப்புத் தேய்த்து, காயவிட்டுப் பிரைமர் கொடுத்து, மேலே காரீயமில்லாத எனாமல் இரண்டு கோட் அடித்தால் பழைய விஷம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். பாதி வீடுகளுக்கு இது போதும்.

உரிந்து தொங்குகிற இடத்தை மட்டும் எடுங்கள், அதையும் நனைத்து எடுங்கள். இதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. செடிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்ப்ரே டப்பா, கருப்பு வாட்டர் பேப்பர், பட்டி பிளேடு, கனமான பிளாஸ்டிக் தாள், இவ்வளவுதான். கூடத்தில் இருக்கிற கட்டில், தூளி, பாய், அரிசி டிரம் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். தாளைப் படிக்குக் கீழே விரித்து, ஓரத்தைச் சுவரோடு டேப் போட்டு ஒட்டுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஒரு முழம் நனைத்து, ஒரு முழம் தேய்த்து, வருகிற கூழைப் பழைய துணியில் வழித்து ஒரு பையில் போடுங்கள். அடுத்த முழத்துக்குப் போகும்போது மறுபடி நனையுங்கள். காய விட்டால் தூசுதான். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். தீயைக் காட்டிப் பெயின்டை உரிக்கிற வழக்கமும் வேண்டாம், அந்தச் சூட்டில் காரீயம் புகையாகவே கிளம்பும். கைக்குட்டை இந்த நுண்தூசைத் தடுக்காது. கொரோனா காலத்தில் வாங்கிய என்95 வீட்டில் கிடக்கும், மூக்கையும் வாயையும் மூடி முகத்தோடு ஒட்டி நிற்பது அதுதான், அதைப் போடுங்கள். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கினால் நாள் முழுக்க நனைத்தது வீண். சோப்புத் தண்ணீரில் துடைத்து, தண்ணீரை மாற்றி இன்னொரு முறை துடையுங்கள்.

தேக்கு ரேகை தெரிய வேண்டும், பாலிஷ்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் உண்டு. அந்த ஆசை எனக்குப் புரியும். பச்சைக்குக் கீழே பழைய தேக்கு தேன் நிறத்தில் கண் திறக்கும்போது நானே கையை வைத்துத் தடவிப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் கழற்றக் கூடிய கதவையும் ஜன்னலையும் கழற்றி, வெளியே மறைவான இடத்தில் தாள் விரித்து வைத்து நனைத்து உரியுங்கள். படியைக் கழற்ற முடியாது, அதனால் குழந்தையும் கர்ப்பிணியும் அந்த வாரம் வேறு வீட்டில் இருக்கட்டும். ரிமூவர் ஊற்றி உரிப்பதாக இருந்தால் எல்லா ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். மூடிய அறைக்குள் அந்த ஆவி ஆளையே கொன்றிருக்கிறது.

படி வேலையில் இன்னும் சில சங்கதி உண்டு. எல்லாப் படிக்கும் ஒரே நாளில் அடித்துவிட்டு “யாரும் ஏறாதீங்க” என்று சொன்னால் யாராவது ஏறத்தான் செய்வார்கள், மச்சில்தானே நெல் மூட்டையும் ஊறுகாய் ஜாடியும் இருக்கிறது. ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப் படிகளுக்கு முதல் நாள் அடியுங்கள், அவை நன்றாகக் காய்ந்த பிறகு இரட்டைப் படிகளுக்கு. மேலிருந்து கீழே வாருங்கள். கால் வைக்கிற பலகைக்கு அரக்கு பாலிஷ் போடாதீர்கள், ஈரக் கால் பட்டால் வெளுத்துப் போகும். அங்கே பளபளப்பு அதிகமில்லாத பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ் போடுங்கள். கண்ணாடி மாதிரி மின்னினால் பாட்டிமார் வழுக்கி விழுவார்கள். அரக்கின் அழகெல்லாம் கைப்பிடிக்கும் தூணுக்கும் இருக்கட்டும். மார்கழிப் பனியில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அரக்கில் கை வைத்தால் பால் பூத்துவிடும், இது உங்களுக்கே தெரியும்.

கடைசிப் படியைக் கவனியுங்கள். நம் பகுதியில் மரப்படி கெடுவது பெரும்பாலும் தரையைத் தொடுகிற இடத்தில்தான். காஞ்சியில் அத்திமர வரதர் 40 வருஷம் அனந்த சரஸ் குளத்துத் தண்ணீருக்கு அடியிலேயே இருந்து 2019-இல் எழுந்தருளினார், நாமெல்லாம் வரிசையில் நின்று சேவித்தோம். பக்தி ஒரு பக்கம் இருக்க, மரத்தொழில் தெரிந்தவனுக்கு அதில் ஒரு செய்தியும் உண்டு. காற்றுப் படாமல் நீருக்குள்ளேயே கிடக்கிற மரத்தை உளுக்க வைக்கிற பூஞ்சைக்கு அங்கே வாழ வழியில்லை. தினம் நனைந்து தினம் காய்கிற மரம்தான் சீக்கிரம் போகும். காலையில் கூடத்தைத் துடைக்கிற தண்ணீர் படிச் சட்டத்தின் அடி வெட்டில் ஏறுகிறது. பெயின்ட் அடிக்கும்போது அந்த வெட்டுமுகம் கண்ணில் படாததால் எல்லோரும் விட்டுவிடுகிறோம். பிரஷை நுழைத்து அங்கே மூன்று கோட் கொடுங்கள்.

போகிக்கு வருகிறேன். உடைந்த ஜன்னல் கட்டை, உளுத்த கதவு, கழற்றிப் போட்ட படிப்பலகை எல்லாம் விடியற்காலைத் தீயில் போகிறது. பிள்ளைகள் மேளம் அடித்துக்கொண்டு அந்தப் புகைக்குள்ளேயே நிற்கிறார்கள். அடித்த பெயின்டில் இருந்த காரீயம் எரிந்து காணாமல் போகாது, கொஞ்சம் புகையில் போகும், மிச்சம் தெருச் சாம்பலில் தங்கும். சாம்பலை வாரி அவரைப் பந்தலுக்குப் போடுகிறோம். சில வீடுகளில் அதே கட்டையை வெந்நீர் அடுப்புக்கு வைக்கிறார்கள். பெயின்ட் பட்ட மரம் எந்த அடுப்புக்கும் எந்தத் தீக்கும் போகக் கூடாது. வேலை பார்த்த வீட்டில் கழித்த கட்டையை விட்டுவிட்டு வரும்போது இதை ஒரு வார்த்தை நீங்கள்தான் சொல்ல முடியும், வேறு யாரும் அவர்களிடம் சொல்லப் போவதில்லை.

போகியிலிருந்து மூன்றாம் நாள் மாட்டுப் பொங்கல். கதவுக்கு அடித்து மிச்சமான எனாமலைத்தான் கொம்புக்கு அடிக்கிறோம். “மேஸ்திரி, கொஞ்சம் நீலம் இருந்தா குடுங்க” என்று டம்ளரை நீட்டுவார்கள், நானும் எத்தனையோ வருஷம் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். மாடு ஒன்றையொன்று நக்கும், கன்று தாயை நக்கும். காரீயத்தால் விழுகிற கால்நடைகளில் மாடு முதல் வரிசையில் நிற்கிறது, பழைய பெயின்ட் டப்பாவை நக்கிச் செத்த மாடுகள் பற்றிக் கால்நடை மருத்துவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். புதிதாக வாங்கிய, டப்பாவில் 90 பிபிஎம் வரி உள்ள பெயின்டாக இருந்தால் மட்டும் கொடுங்கள். பரணில் கிடந்த பழைய டப்பாவைத் திறந்து கொடுக்காதீர்கள். மஞ்சளும் குங்குமமும் போதும் என்று சொல்லப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடையில் வாங்கும்போது அந்த வரியைப் படியுங்கள். லூஸில் ஊற்றித் தருகிற சரக்கு வேண்டாம். லாரி பாடிக்கும் இரும்பு வேலைக்கும் விற்கிற பெயின்டுக்கு 2016 விதி பொருந்தாது, அது வீட்டுப் பெயின்டுக்கு மட்டும் வந்த விதி. “ரொம்பக் கெட்டி, வருஷக்கணக்கா நிக்கும்” என்று அந்த டப்பாவை எடுத்து நீட்டினால், வீட்டுக்குள் வேலை, இது ஆகாது என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

இவ்வளவும் செய்தால் ஒரு வீட்டுக்கு ஒரு நாள் கூடுதலாகும். அந்த ஒரு நாள் கூலியை யார் கொடுப்பது என்று கேட்பீர்கள். வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். ரேட் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: “பழைய பெயின்டை நனைச்சுதான் எடுப்போம், ஒரு நாள் கூட ஆகும், புள்ளைங்களுக்கு நல்லது.” வேறு ஆள் குறைத்துக் கேட்பானே என்ற பயம் உங்களுக்கு வரும். அதனால்தான் தனித்தனியாகச் சொல்லாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இந்த வட்டாரத்தில் இருக்கிற அத்தனை பேரும் இதையே சொன்னால் குறைத்துக் கேட்க ஆள் இருக்காது. இந்தப் பொங்கலுக்கு ஐந்து பேர் சொன்னாலே அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்காரர்களே கேட்க ஆரம்பிப்பார்கள்.

பத்து வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறவர்கள், அடிக்கடி வயிற்றுவலி, கை சோர்வு, தலைவலி என்று இருந்தால், டாக்டரிடம் “நான் பெயின்டர், ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்” என்று வாய் திறந்து கேளுங்கள். நீங்கள் தொழிலைச் சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது. வேலை நடக்கிற இடத்தில் டீயும் போண்டாவும் வைத்துச் சாப்பிடாதீர்கள், பீடி பிடிக்காதீர்கள். கை கழுவிவிட்டு வெளியே வந்து சாப்பிடுங்கள். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறப்போட வேண்டாம். வாசலிலேயே சட்டையைக் கழற்றி, குளித்துவிட்டு, அதற்குப் பிறகு பிள்ளையைத் தூக்குங்கள்.

என் வீட்டுத் திண்ணையில் நாலு ஸ்ப்ரே டப்பாவும் இரண்டு சுருள் பிளாஸ்டிக் தாளும் ஒரு கட்டு வாட்டர் பேப்பரும் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம். தாளையும் பேப்பரையும் திருப்பித் தர வேண்டாம். டப்பாவை மட்டும் பொங்கல் கழித்துக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், பங்குனியில் கல்யாண வீட்டு வேலை தொடங்கும்போது அடுத்த தம்பிக்கு வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய மேஸ்திரி,
பழையசீவரம்